பலகை போடும் நாள்

மீன் படிக்கட்டில் தண்ணீர் நின்றுபோனதை முதலில் கண்டுகொண்டவை கடற்காகங்கள்தாம். கோரின் பெல்கி மீன் எண்ணுவதற்காகக் காப்பிக் குடுவையோடு பாலத்துக்கு வந்தபோது, இருபுறக் கற்களிலும் அவை பந்திக்கு இடம்பிடித்த உறவுக்காரர்கள் மாதிரி நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தன. ஒன்றின் வாயில் பாதி மீன் இருந்தது. கோரின் கையிலிருந்த குடுவையை அந்தக் கூட்டத்தின் நடுவே விட்டெறிந்தாள். பறவைகள் எழும்பி, ஒரு வட்டம் அடித்து, அதே இடத்தில் வந்து உட்கார்ந்தன. அவற்றுக்கு அவசரம் ஒன்றுமில்லை.

ஏரியிலிருந்து கழிமுகம்வரை இறங்கும் கல்தொட்டிகளில் கணுக்கால் அளவுத் தண்ணீர்தான் மிச்சம். அதற்குள் ஏல்வைஃப் மீன்கள் ஒன்றின்மேல் ஒன்றாகப் புரண்டுகொண்டிருந்தன. மத்தியைவிடக் கொஞ்சம் பெரிது, அதே வெள்ளி வயிறு. எல்லாம் ஏரியைப் பார்த்தே முகம் வைத்திருந்தன. தண்ணீர் வராத திசையை நோக்கி வாயைத் திறந்து திறந்து மூடின.

நாஸ்கெட் ஆற்றுக்காரர்களுக்கு இந்த மீன் வெறும் மீன் இல்லை. வசந்தத்தில் அது கடலிலிருந்து கழிமுகத்துக்குள் நுழைந்து, தொட்டி தொட்டியாகத் தாவி ஏறி, ஏரியில் முட்டையிட்டுவிட்டுத் திரும்பிப் போகும். விராலடிப்பானும் கழுகும் கடல்நாயும் பிழைப்பது அதை நம்பித்தான். சிங்கி இறால் பிடிக்கிறவர்களின் கூண்டுக்கு வசந்தகால இரையும் அதுதான். கொள்ளுத்தாத்தாக்கள் கட்டிய படிக்கட்டு கல்கல்லாகச் சரிந்து, ஏறுகிற மீனை விரல்விட்டு எண்ணிவிடலாம் என்று ஆனபோது, ஊர் கூடித் தன் வாயைத் தானே கட்டிக்கொண்டது. பன்னிரண்டு வருஷம் யாரும் ஒரு மீன் எடுக்கவில்லை. ஒவ்வொரு செப்டம்பரிலும், ஆறு வற்றிக் கிடக்கும்போது, இடுப்பளவு குளிரில் இறங்கி கையாலேயே கல் அடுக்கினார்கள். சர்ச்சின் கீழ்த்தளத்தில் சனிக்கிழமை தோறும் பீன்ஸ் விருந்து போட்டு, வந்த காசில் சிமெண்ட் வாங்கினார்கள். இந்த வருஷம்தான் முதன்முறையாகக் கூடை வைத்து மீன் எடுக்கலாம் என்று அனுமதி கிடைத்திருந்தது.

அந்தப் பன்னிரண்டு செப்டம்பரிலும் கல் சுமந்தவர் கோரினின் அப்பா வெர்னன். சிங்கி இறால் பிடிக்கிறவர். "மொதக் கூடை நம்ம வீட்டுக்குத்தான்" என்று சொல்லிக்கொண்டே இருந்தவர், ஜனவரியில் படகிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்.

கோரின் மேலே அணைக்கு ஓடினாள். அணை என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. ஏரி வழியும் வாயில் இரண்டு சிமெண்டுத் தூண், நடுவே பலகை செருகும் பள்ளம். கோடையில் ஏரிக்கரை பங்களாக்காரர்களின் படகு மிதப்பதற்காகப் பலகை போட்டுத் தண்ணீரைத் தேக்குவார்கள். மீன் ஏறி முடித்த பிறகு. முடித்த பிறகுதான். இப்போது பள்ளம் நிறையப் பலகை ஏறியிருந்தது. ஏரி அதற்குக் கீழே ஒரு சாண் இறக்கத்தில், கண்ணாடி மாதிரி, ஒன்றும் தெரியாத பாப்பா மாதிரிக் கிடந்தது. பலகையை இழுக்கிற கொக்கி எப்போதும் தொங்கும் ஆணியில் இல்லை.

மீன் கமிட்டித் தலைவி மார்ஜ் ஸ்ப்ராகுக்குப் போன் போட்டாள். மார்ஜ் படகுத்துறையில் இரைக்கடை வைத்திருப்பவள். ஊரில் குழந்தை முதல் பாதிரியார்வரை எல்லோரும் அவளுக்குக் கண்ணுதான்.

"யாரோ பலக போட்டுட்டாங்க. தொட்டி காயுது. கொக்கியையும் காணோம்."

"கத்தாத கண்ணு. காது இருக்கு எனக்கு."

"கத்தாம என்ன பண்ணச் சொல்றீங்க?"

"வாளி எடு. நான் சங்க ஊதுறேன்."

அடுத்த சில நிமிடங்களில் தீயணைப்பு நிலையத்துச் சங்கு அலறியது. அன்று மே மாதக் கடைசித் திங்கட்கிழமை. போரில் இறந்தவர்களை நினைக்கும் நாள். ஊர்வலத்துக்காகப் பாதி ஊர் பிரதான தெருவில் கூடியிருந்தது. எங்கோ தீ என்று நினைத்து வண்டி வண்டியாக வந்தார்கள். பால் வாளி, பெயிண்ட் வாளி, குழந்தைக் குளியல் தொட்டி, ஐஸ் பெட்டி என்று கையில் கிடைத்ததோடு தொட்டிகளுக்குள் இறங்கினார்கள். பள்ளி பேண்டு வாத்தியத்தில் பெரிய மேளம் அடிக்கிற பெண் தங்கக் கரை போட்ட சீருடையோடு மண்டியிட்டு, தன் தொப்பியில் மீன் அள்ளினாள். கைக்குக் கை, படிக்குப் படி, மீன் ஏரிக்கு ஏறியது. கருப்பு ஈக்கள் காதுக்குள்ளும் கழுத்திலும் கடித்தன. அடித்துக்கொள்ள யாருக்கும் கை காலியாக இல்லை.

"பாத்துத் தூக்கு, அது ஒன் பொண்டாட்டியோட சூட்கேஸ் இல்ல."

"அவ சூட்கேஸ் இத விட கனம்டா."

இரண்டு பேர் அணையில் கடப்பாரை போட்டு நெம்பிப் பார்த்தார்கள். பலகையின் இரும்பு வளையம் தண்ணீருக்கடியில் ஆழத்தில் இருந்தது. கடப்பாரை வழுக்கி, மரத்தின் விளிம்புதான் பிய்ந்து வந்தது.

கோரின் வேலை செய்தாள், ஆனால் அவள் மனம் மீனில் இல்லை. யார் என்பதில் இருந்தது. பெல்கி வம்சத்தில் பல்கலைக்கழக வாசல் மிதித்த முதல் ஆள் அவள். நாலு வருஷம் விடுதியில், கடலை விடுமுறைக்கு மட்டும் பார்த்தவர்களின் பிள்ளைகளோடு இருந்தவள். 'இயற்கையை நேசிக்கிறோம்' என்று அவர்கள் சொல்லும்போதெல்லாம் அப்பாவின் வெடித்த விரல்களை நினைத்துப் பல்லைக் கடித்தவள். அப்பா போன பிறகு அந்தக் கோபத்துக்குப் போக்கிடமே இல்லாமல் போனது. மார்ச் மாத ஊர்க்கூட்டத்தில் அவள்தான் எழுந்து அந்த விதியைக் கொண்டுவந்தாள்: மீன் ஏறும்போது பலகையில் கை வைத்தவர்களுக்கு, வாழ்நாள் முழுக்க ஊர் மீனில் பங்கில்லை. "வாழ்நாள்னா ரொம்ப நீளம் கண்ணு" என்றாள் மார்ஜ். ஆனாலும் எல்லாக் கைகளும் உயர்ந்தன.

ஏரிக்கரை ஆஷ்வொர்த் வந்து நின்றபோது, அவளுக்குப் போக்கிடம் கிடைத்துவிட்டது. ஓய்வுபெற்ற வக்கீல், மேமாதம் வந்து அக்டோபரில் போகிறவர். வாத்துப் படம் போட்ட பைஜாமாவோடேயே வந்திருந்தார்.

"வாங்க சார். ஒங்க படகு நல்லா மெதக்குதா?"

"எனக்குப் புரியல—"

"தண்ணி கம்மி, படகுத்துறை சேத்துல நிக்குதுன்னு கமிட்டிக்குக் கடுதாசி மேல கடுதாசி எழுதுனது நீங்கதானே? இப்பப் பாருங்க. நல்லா கிட்ட வந்து பாருங்க. ஒங்க படகு மெதக்க இதுங்க மூச்சு முட்டிச் சாவுது. கோடைக்கு வர்றீங்க, எங்க ஆத்துல கால் கழுவுறீங்க, போறீங்க. எங்கப்பன் கல்லு சொமந்து செத்தான்!"

கைமாறிக்கொண்டிருந்த வாளிகள் ஒரு கணம் நின்றன. மார்ஜ் "கோரின்" என்றாள். கண்ணு என்று சொல்லவில்லை. ஆஷ்வொர்த்தின் முகம் சிவந்து வெளிறியது. அவர் அவள் கையிலிருந்த வாளியை வாங்கிக்கொண்டார்.

"இத எங்க ஊத்தணும்?" என்றார்.

அப்போதுதான் அப்பாவின் பச்சை பிக்கப் வண்டி பாலத்தோரம் வந்து நின்றது. ஓட்டுநர் பக்கத்திலிருந்து அம்மா இறங்கினாள். டார்லீன் பெல்கி கூட்டத்துக்கு வருகிறவள் இல்லை. கணவனை அடக்கம் செய்த பிறகு சர்ச்சுக்கும் கடைக்கும் தவிர எங்கும் வந்ததில்லை. அவள் கையில் ஆளுயரக் கொக்கி இருந்தது. மரக்காம்பு, வளைந்த இரும்பு, பிடியில் அப்பா சுற்றிய நீலநிற டேப்பு.

கோரின் அணைமேட்டுக்கு ஓடி அவள் எதிரே நின்றாள்.

"நகரு" என்றாள் அம்மா. அணை விளிம்பில் குப்புறப் படுத்து, தோள்வரை கையைத் தண்ணீருக்குள் விட்டு, வளையத்தைத் துழாவி மாட்டினாள். இரண்டு பேர் காம்பைப் பிடித்தார்கள். முதல் பலகை முனகிக்கொண்டு ஏறியது. பிறகு அடுத்தது. ஏரி ஒரு கணம் யோசித்த மாதிரி இருந்தது. பிறகு தண்ணீர் விளிம்பைத் தாண்டி, முதல் தொட்டியில் விழுந்து, அடுத்ததில் நிறைந்து, கல்கல்லாகத் தாவி இறங்கியது. கீழே யாரோ விசிலடித்தார்கள். மேளக்காரப் பெண் நனைந்த தொப்பியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு அழுதாள். மீன்கள் தண்ணீர் பட்ட மாத்திரத்தில் நிமிர்ந்தன. நடந்ததற்கெல்லாம் யாரையும் குறை சொல்லாமல் மறுபடி ஏறத் தொடங்கின.

தண்ணீரின் இரைச்சலில் கத்தித்தான் பேச வேண்டியிருந்தது. அதனால் அம்மா சொன்னது எல்லோருக்கும் கேட்டது.

"நான்தான் போட்டேன். அந்த மனுஷன விடு."

கோரின் அம்மாவின் பக்கம் திரும்பினாள்.

"நேத்து சாயந்தரம். ஒங்கப்பாவுக்குப் பூந்தொட்டி வெச்சுட்டு வர்ற வழியில. வருஷா வருஷம் அப்படித்தானே. கல்லறைக்குப் போவோம், அவங்க அப்பா அம்மாவுக்குப் பூ வெப்போம், திரும்பி வரும்போது இங்க எறங்கிப் பலக போடுவாரு. இந்த வருஷம் அவருக்கே பூ வெச்சுட்டு... வண்டி தானா இங்க வந்து நின்னுச்சுடி. கொக்கியை ஆணியில மாட்ட மறந்து வண்டியிலயே போட்டுட்டுப் போயிட்டேன்."

"போடறதுக்கு முன்னால கீழ எட்டிப் பாக்கலையா?" என்றாள் கோரின்.

"எதப் பாக்கணும்னு எனக்கென்ன தெரியும்? அவரு குனிஞ்சு பாப்பாரு. சில வருஷம் பாத்துட்டு, பலக போடாமலே வந்து வண்டியில ஏறுவாரு. நாளைக்கு வரலாம்பாரு. ஏன்னு நான் கேட்டதில்ல. வண்டியில உக்காந்து நான் அவரு முதுகத்தான் பாத்துக்கிட்டு இருப்பேன்." கொக்கியை மகளிடம் நீட்டினாள். "மீன் ஏறி முடிஞ்சிருக்கும்னு நெனச்சேன். நீ ஒண்ணும் சொல்லல."

சொல்லவில்லைதான். இந்த வருஷம் குளிர் நீண்டு மீன் பிந்தி வருகிறது என்று கோரின் பள்ளிக்கூடத்தில் சொன்னாள், சர்ச்சில் சொன்னாள், பத்திரிகைக்காரனிடம் சொன்னாள். விடியலில் வீட்டை விட்டுக் கிளம்பி, இருட்டி வந்து படுக்கையில் விழுகிறவள், ஒரே கூரைக்குக் கீழே இருக்கிறவளிடம் மட்டும் சொல்லவில்லை. கல்லறைக்குக் கூப்பிட்டபோதும், "கல்லுக்குப் பூ வெச்சு என்ன ஆகப்போகுது?" என்று கேட்டுவிட்டு பீன்ஸ் சட்டி கழுவப் போய்விட்டாள்.

"எம் பேர வெட்டிடு" என்றாள் அம்மா. "நீ போட்ட சட்டம். நல்ல சட்டம்தான். அவரு இருந்திருந்தா மொதக் கை அவருதா இருந்திருக்கும்."

அன்று செத்த மீன்கள் ஒரு தள்ளுவண்டிக்குள் அடங்கின. பிழைத்தவை தொட்டிகளில் கறுப்பாக நெளிந்தன. ஊர்வலம் மத்தியானம் நடந்தது. நனைந்த சீருடையில், வரிசை கோணலாக. சாயந்தரம் கோரின் ஆஷ்வொர்த்தின் வீட்டுக் கதவைத் தட்டினாள். மன்னிப்பு அவளுக்குப் பழக்கமில்லாத வேலை.

"தப்புப் பண்ணிட்டேன்."

"ஆமா" என்றார் அவர். "கடுதாசி எழுதுனது உண்மைதான். இனிமே எழுத மாட்டேன். அந்த மீன் கையில துள்ளுச்சும்மா. எனக்கு எழுபது வயசு. இந்த ஏரியில இத்தன வருஷம் குளிச்சிருக்கேன். ஒரு தடவகூட கையில எடுத்ததில்ல."

கோரினுக்குத் திட்ட ஒன்றும் அகப்படவில்லை. "கைய வெந்நீர்ல கழுவுங்க. செதில் ஒட்டும்" என்று சொல்லிவிட்டு வந்தாள்.

அந்தச் சனிக்கிழமை கூடை வைத்தார்கள். நாஸ்கெட்டில் ஒரு வழக்கம் உண்டு, படிக்கட்டைவிடப் பழையது: சிங்கி இறால்காரர்களுக்கு முன்னால், ஊருக்கு முன்னால், முதல் கூடைகள் ஊரின் கைம்பெண்களுக்கு. கடல் ஆண்களை எடுத்துக்கொண்ட காலத்தில் ஊர் ஏற்படுத்திய வழக்கம். இப்போது மாரடைப்பும் புற்றுநோயும் எடுத்துக்கொண்டவர்களின் மனைவிமார் அணைமேட்டில் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். மீனைவிடப் பேச்சு அவர்களுக்கு முக்கியமாக இருந்தது. கணவன் போன பிறகு முதன்முறை வந்த ஒருத்தி, வயிற்றை நிரப்பத்தான் போகிறோம், கொஞ்சம் சிரித்துக்கொண்டே நிரப்பலாமே என்று உதட்டுச் சாயம் பூசி வந்திருந்தாள்.

மார்ஜ் மனப்பாடமாகப் பெயர் கூப்பிட்டாள். கோரின் நீண்ட காம்பு வலையால் மீன் வாரி ஒவ்வொரு கூடையிலும் கொட்டினாள். கடைசியாக ஒரு காலிக் கூடை மிஞ்சியது. மார்ஜ் கூப்பிடாமல் கோரினைப் பார்த்தாள். எல்லோரும் அவளைப் பார்த்தார்கள்.

சட்டத்தை மறந்து அதையும் நிரப்பிவிடலாம். ஒருவரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். அதுதான் அவளைக் கொன்றது. பிறகு அடுத்த வருஷம் ஏரிக்கரையில் ஒருவன் கை வைக்கும்போது எந்த வாயால் பேசுவது?

"அந்தக் கூடைய எடுத்து வைங்க" என்றாள். "அவங்களுக்குப் பங்கு இல்ல." வலையின் காம்பைத் தரையில் ஊன்றிக்கொண்டாள்.

ஐடா கிம்பல் நாற்காலியிலிருந்து எழுந்தாள். தொண்ணூறைத் தொட்டவள், எழுவதற்கே ஒரு பாட்டு நேரம் ஆனது. தன் கூடைக்குள் கைவிட்டு, வாலைப் பிடித்து ஒரு மீனைத் தூக்கி, காலிக் கூடையில் போட்டாள்.

"இது எம் பங்கு" என்றாள். "எம் மீன நான் கொடுப்பேன், கொழம்பு வெப்பேன், பூனைக்குப் போடுவேன். யாராவது கேள்வி கேப்பீங்களாடா?"

"எங்களுக்குப் பைத்தியமா ஐடாம்மா" என்றான் ஒருவன்.

உதட்டுச் சாயக்காரி இரண்டு போட்டாள். அடுத்தவள் ஒரு கை நிறையப் போட்டாள். "எங்க வீட்டுல நான் ஒருத்திதான். இவ்வளவையும் யாரு திங்கிறது?" என்று ஒருத்தி பொய்க்கோபத்தோடு பாதியைக் கவிழ்த்தாள். கூடை நிறைந்து, மேலே குவிந்து, ஒரு மீன் சரிந்து புல்லில் துள்ளியது. மார்ஜ் அதைக் குனிந்து எடுத்து, திரும்ப ஆற்றில் விட்டாள். கோரின் முகத்தைத் திருப்பிக்கொண்டு, கண்ணில் கருப்பு ஈ விழுந்துவிட்டது என்றாள். நம்புகிற மாதிரி எல்லோரும் தலையாட்டினார்கள்.

இந்த ஊரை அவள் எத்தனை திட்டியிருக்கிறாள். குறுகின மனசு, நீண்ட நாக்கு, திரும்பத் திரும்ப அதே மூன்று நகைச்சுவை. அப்பா ஏன் இவர்களுக்காகக் கல் சுமந்தார் என்று ஆத்திரப்பட்டிருக்கிறாள். இவர்களுக்காக அல்ல, இவர்களோடு என்பது, கூடையைத் தூக்கிக்கொண்டு வண்டிக்கு நடக்கும்போதுதான் அவளுக்குத் தோன்றியது. கனத்தது. நல்ல கனம்.

அம்மா சமையலறையில் நின்றிருந்தாள். கூடையைப் பார்த்தாள்.

"கைம்பொண்டாட்டி வரிசையில நிக்கமாட்டேன்னு சொன்னேன்ல?"

"நீ நிக்கல. வரிச ஒன்னத் தேடி வந்திருக்கு."

"யாரு?"

"எல்லாரும்தான்."

அம்மா கூடையின் மேலிருந்த ஒரு மீனை எடுத்து, முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள். பிறகு ஜாடியையும் கல்லுப்பையும் எடுத்து வைத்தாள். சாயந்தரம்வரை இருவரும் ஓர் அடுக்கு மீன், ஓர் அடுக்கு உப்பு என்று அடுக்கினார்கள். அம்மா பேசிக்கொண்டே இருந்தாள். அப்பாவைப் பற்றி, ஜனவரிக்குப் பிறகு முதன்முறையாக. கோரின் குறுக்கே பேசாமல் கேட்டாள். அதுவும் முதன்முறைதான்.

ஜூன் பாதியில் லைலாக் பூக்கள் பழுப்பேறிக் கருகின பிறகு, அம்மா வண்டிச் சாவியை எடுத்தாள். "வா, பலக போடணும்."

அணையோரம் வண்டி நின்றதும், அம்மா வழக்கமாக உட்காரும் பக்கத்து இருக்கையில் கோரின் உட்கார்ந்திருந்தாள். அம்மா கொக்கியோடு இறங்கினாள். மேல்தொட்டி விளிம்பில் முழங்கால் ஊன்றி, கைகளைக் கண்ணுக்கு இருபுறமும் வைத்து, தண்ணீருக்குள் குனிந்து பார்த்தாள். கண்ணாடி வழியே கோரினுக்கு அவள் முதுகு தெரிந்தது. பொறுக்கமுடியாமல் இறங்கி ஓடிப் போய்ப் பக்கத்தில் மண்டியிட்டாள்.

தொட்டியில் தண்ணீர் பச்சையாக, தெளிவாக இருந்தது. அடியில் தட்டையான ஒரு பெரிய கல். அதன் நிழலில், வாலை மெல்ல அசைத்துக்கொண்டு, ஏரியைப் பார்த்த முகத்தோடு—

"ஒண்ணு இருக்கு" என்றாள் அம்மா.

கொக்கியைப் புல்லில் வைத்தாள். காலை நீட்டி உட்கார்ந்தாள்.

ஏரிக்கரைப் பாதையில் ஆஷ்வொர்த் வந்துகொண்டிருந்தார், முழங்கால்வரை சேறு. படகு மறுபடி சேற்றில் மாட்டியிருக்க வேண்டும். பலகையில்லாத பள்ளத்தைப் பார்த்தார், கொக்கியைப் பார்த்தார், வாயைத் திறந்தார். அம்மா திரும்பாமலே ஒரு விரலை உயர்த்திக் காட்டினாள். அவர் வந்து தொட்டிக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, சேற்றுக் காலோடு அவர்களுக்குப் பக்கத்துக் கல்லில் உட்கார்ந்தார்.

மீன் ஒருமுறை முன்னால் போய், தண்ணீர் வேகத்தில் தள்ளப்பட்டு, மறுபடி அந்தக் கல்லின் நிழலுக்கே வந்து நின்றது. மூன்று பேரும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.